பலகையில் தொங்கிய வில்லை

அன்று மூன்றாம் அறையின் கதவுக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்கள்தான்: மீன் குளிர்கிடங்கின் முதலாளியான மூத்தவர்; அவர் மனைவி; இறந்துபோன தம்பியின் மனைவி, அவளை வீட்டில் எல்லாரும் இளையவள் என்பார்கள்; குளிர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன், அவனுக்குக் கம்ப்ரசர் என்றே பேர் விழுந்துவிட்டது; சுமை இறக்கும் மேஸ்திரியும் அவன் ஆட்களும். வேறு ஒருவரும் இல்லை. தானும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாரும் அங்கே இல்லை. குடும்பத்து விஷயம் ஊர் வாயில் விழுந்தால் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும். அதனால் ஆட்களை முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

அதற்குச் சில வாரம் முன்பு ஒரு மாலை, சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்தப் போன மூத்தவர் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார். நிலையை ஒட்டிய சுவரில், தோள் உயரத்தில், ஓர் ஆணி இருந்தது.

"யார் அடிச்சது இதை?"

"எதை?" என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"இந்த ஆணியை."

"உங்களைக் கேக்காம இந்த வீட்டுல ஆணி அடிக்க யாருக்குத் தைரியம் இருக்கு? நீங்களே அடிச்சிட்டு மறந்திருப்பீங்க."

"மறதி நம்ம ரத்தத்துல கிடையாது" என்றார் மூத்தவர்.

தட்டுச் சத்தம் நின்றது. மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடந்த ஒரு வருடமாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், தம்பி மறந்துபோனதால்தான் செத்தான் என்று சொல்லி வந்தவர் அவர்.

மறந்தது வில்லையை. அந்தக் கிடங்கில் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம் உண்டு. மீனை உறையவைக்கும் அறைக்குள் போகிறவன் தன் பேருக்குள்ள உலோக வில்லையைக் கதவுக்கு வெளியே உள்ள பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனே எடுக்க வேண்டும். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடக்கூடாது. பெற்ற பிள்ளையுடையதானாலும் தொடக்கூடாது. பலகையில் ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் கதவைச் சாத்தக்கூடாது. பெரிய கிடங்குகள் எத்தனையோ வந்து, விபத்தில் பேர் கெட்டுப் போயின. இந்தக் குடும்பத்தின் கிடங்கில் அதுவரை ஒரு விரல்கூட உறைந்ததில்லை. அந்தப் பேரை அப்பா மூத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கண் மூடினார்.

அந்தக் கிடங்கில்தான் தம்பி மூன்றாம் அறைக்குள் விறைத்துக் கிடந்தான். பலகை காலியாக இருந்தது. வில்லை அவன் சட்டைப்பையில் இருந்தது. சின்ன வயதில் அவன் அதை வாயில் போட்டுக் கடித்த பல் தடம் ஓரத்தில் அப்படியே இருந்தது. மாட்ட மறந்துவிட்டான், ஆள் இருப்பது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டேன் என்றார் மூத்தவர். விசாரிக்க வந்தவர்கள், உள்ளேயிருந்து தட்டியிருப்பானே, அடுத்த அறையில் அலுவலகத்தில் இருந்த உங்களுக்குக் கேட்கவில்லையா என்றார்கள். "ஏதோ தட்டற மாதிரி இருந்துச்சு. மெஷின் சத்தம்னு நினைச்சேன்" என்றார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன விதத்தில் யாருக்கும் மறுகேள்வி வரவில்லை. கடைசியில் உடலை எடுக்கும்போது அந்த வில்லையைத் தம் கையாலேயே தம்பியின் சட்டைப்பையில் போட்டு அனுப்பிவைத்தார். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது.

மூத்தவர் குறட்டால் ஆணியைப் பிடுங்கி, துளையைச் சுண்ணாம்பால் அடைத்தார். மறுநாள் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது.

அந்த வாரம் இளையவள் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சீசன் வருது. ஒரு வருஷமா மூடிக் கெடக்கற மூணாம் அறையைத் திறக்கணும்னு சொல்லிட்டிருக்கீங்களாம் மாமா."

"உன் பங்கும் அதுல இருக்கும்மா. உன்னைக் கேக்காம செய்வேனா?"

"திறங்க. நான் குறுக்க நிக்கலை. எனக்கு ஒரே ஒரு பேச்சு வேணும். சரக்கு வர்ற அன்னிக்கு, மேஸ்திரி, ஆளுங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவர் வில்லையை மாட்டிட்டுத்தான் போனார்னு."

"பையிலதானம்மா இருந்துச்சு. எல்லாரும் பார்த்தாங்களே."

"பை அவரோடது. அதுல வச்ச கை யாரோடதுன்னு யாரும் பார்க்கலை."

மூத்தவர் சிரித்தார். சின்னப் பிள்ளைகளிடம் சிரிக்கும் சிரிப்பு. "துக்கத்துல பேசற. அவன் என் கூடப்பிறந்தவன்."

"என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல மறதிக்காரன் மகள்னு கூப்பிடறாங்க மாமா. அவ எதை மறந்தாலும் சிரிக்கறாங்க. வேற எதுவும் நான் கேக்கலை. நீங்க ஜெயிலுக்குப் போகணும்னுகூடக் கேக்கலை. அந்த ஒரு வரி போதும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவரே கேப்பாரு" என்றாள் இளையவள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே மூத்தவர் அவள் வீட்டுக்கு உயர்ந்த ரக மீனாகப் பார்த்து ஒரு பெட்டி அனுப்பினார். அவள்மேல் கோபம் வரும்போதெல்லாம் அவர் ஏதாவது அனுப்புவது வழக்கமாகியிருந்தது. கோபம் என்று அவர் அதை அறியவில்லை. பாசம் என்றே நம்பினார். பெட்டி பிரிக்காமல் திரும்பி வந்து, இரண்டு நாள் வாசலில் கிடந்து நாறியது.

மனிதனுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். எதை உள்ளே விடலாம், எதை வாசலோடு அனுப்பலாம் என்று அவன் பார்த்துக்கொள்வான். மூத்தவரின் காவல்காரன் கெட்டிக்காரன். தம்பி பலகையைத் தாண்டி, வில்லையைப் பையில் போட்டபடியே, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போவதை அவர் கண்ணால் கண்டதுபோல் ஆக்கி வைத்திருந்தான். பாட்டின் மெட்டுக்கூட அவருக்குத் தெரியும். கைக்கு மட்டும்தான் வேறு நினைவு இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தாமாகவே சேர்ந்து, எதையோ கொக்கியிலிருந்து மேலே தூக்கிக் கழற்றும். அதைப் பார்த்தால் அவர் கையை மடியில் அழுத்திக்கொள்வார்.

ஆணிகள் பெருகின. படுக்கையறைக் கதவு, பின்கட்டுக் கதவு, சமையலறை அலமாரி, குளிர்ப்பெட்டி இருந்த சுவர். மூத்தவர் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். பதிலாக, கதவுகளைச் சாத்தக்கூடாது என்றார்.

"இது வீடா, சத்திரமா?" என்றாள் மனைவி.

"காத்தோட்டம் வேணும்."

"குளிக்கறப்பவுமா காத்தோட்டம்? இந்த வயசுல யாருக்குக் கண்காட்சி வைக்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. அவள் குளிர்ப்பெட்டியிலிருந்து பாலை எடுத்துவிட்டு அதன் கதவைச் சாத்தினாள், டப் என்று ஒரு சின்னச் சத்தம். மூத்தவர் பாய்ந்து வந்து, இத்தனை வருடக் குடும்பத்தில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லி, பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். பால் தரையில் ஓடி அவர் காலை நனைத்தது. மனைவி துணி எடுத்து வந்து குனிந்து துடைத்தாள்.

"என்ன தப்பு செஞ்சேன்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"பார்க்காம சாத்தற. உள்ளே யார் இருக்காங்கன்னு பார்க்காம சாத்தற."

துணி நின்றது. "குளிர்ப்பெட்டிக்குள்ள யாருங்க இருப்பா?"

குளிர்ப்பெட்டியின் முனகலுக்கு அடியில், விரல்முட்டியால் தட்டுவதுபோல மெல்லிய ஓசை, விட்டு விட்டு, பொறுமையாக வந்துகொண்டிருந்தது. மெஷின் சத்தம் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கம்ப்ரசரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஒரு பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"அன்னிக்குக் கடைசியாக் கதவுப் பக்கம் போனது நீதான?"

"நான் மத்தியானமே போயிட்டேன் முதலாளி. நீங்கதான இன்னிக்கு வேலை போதும், போன்னு அனுப்பினீங்க."

"உள்ளே இருக்கற தள்ளு கைப்பிடி இறுகிக் கெடந்ததை என்கிட்ட யாரு மறைச்சது?"

கம்ப்ரசர் தலையைச் சொறிந்தான். "மறைக்கலியே. ரெண்டு தடவை சொன்னேன். சீசன் முடியட்டும்டான்னீங்க. அவர் போன மறுநாளே மாத்திட்டேன். சுண்டு விரலால தள்ளினாக்கூடத் திறக்கும்."

"நீ சொல்லவேயில்லை" என்றார் மூத்தவர். சொன்னபோது அது உண்மையாகவே இருந்தது. கம்ப்ரசர் "சரிங்க முதலாளி" என்று வெளியே போனான். போகிறபோது கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்குப் பக்கத்தில் ஆணி இருந்தது. இந்த முறை ஆணியில் வில்லை இருந்தது.

அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டுப் போன மாதிரி. அதன் மேல் வெண்ணிறமாக உறைபனி படிந்து, பட்டப்பகலில், வெக்கையில், புகைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பல் தடம். மூத்தவர் நெடுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு எழுந்து போனார். கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வழக்கம்போலச் சேர்ந்தன. தொட்டதும் விரல்நுனி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது, இழுத்தார், தோல் மெல்லிய தாள்போல உரிந்து வில்லையோடு நின்றுவிட்டது.

அந்த வலியில்தான் காவல்காரன் கொஞ்சம் அசந்தான்.

பாகம் பிரிச்சுடுங்க அண்ணே, நான் தனியாப் போறேன். மேஸ்திரி முன்னால், ஆட்கள் முன்னால் தம்பி அப்படிச் சொன்னான். அப்பா விட்டுப்போன பேரை இரண்டாகக் கூறு போடப் பார்த்தான். ஆட்கள் போன பிறகு அவன் மீன் தட்டுகளை அடுக்க உள்ளே போனான். பலகையில் வில்லை தொங்கியது. தொங்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் குளிரட்டும், புத்தி வரும் என்று தோன்றியது. ஒரு விரல் தூக்கினால் போதும். கழற்றியாகிவிட்டது. சாத்தியாகிவிட்டது. உள்ளேதான் கைப்பிடி இருக்கிறதே. அலுவலகத்தில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப்பக்கம்...

மெஷின் சத்தம், என்றான் காவல்காரன், விழித்துக்கொண்டு. மூத்தவர் கண்ணைத் திறந்தார். ஆணியும் இல்லை, வில்லையும் இல்லை. விரலில் மட்டும் ரத்தம்.

"கதவிடுக்குல நசுக்கிட்டீங்களா?" என்று கேட்டு மனைவி வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டாள்.

"ஆமாம்" என்றார்.

சரக்கு வரும் நாள் வந்தது. உச்சிவெயில். மூன்றாம் அறையின் கனத்த கதவைக் கம்ப்ரசர் திறந்தபோது, ஒரு வருடமாக அடைபட்டுக் கிடந்த குளிர், முழங்கால் உயரப் புகையாக உருண்டு வந்து எல்லார் காலையும் தடவியது. பழைய மீனும் இரும்பும் கலந்த வாடை. மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிறுத்தினான். இளையவள் பலகைக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள்.

எல்லாரும் பார்த்தார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமினார். சொல்லிவிட்டால் வீட்டுச் சுவர்களில் ஆணி முளைக்காது. விரலும் கையும் அமைதியாகும். இரவில் குளிர்ப்பெட்டியின் பக்கம் காது நீட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் மேஸ்திரியின் கண்ணில் மரியாதை இருந்தது. அப்பா காலத்திலிருந்து இருந்து வருகிற மரியாதை.

"என் தம்பி தங்கமானவன்" என்றார். "ஆனா மறதிக்காரன். அவனுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது. வில்லையை மாட்டாம யாரும் உள்ளே கால் வைக்காதீங்க."

ஆட்கள் தலையாட்டினார்கள். மூத்தவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். இளையவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"சரி மாமா" என்றாள். "முதல்ல நீங்க உள்ளே போய்ப் பார்த்துட்டு வாங்க. அதான வழக்கம்."

அதுதான் வழக்கம். திறக்கும் அறைக்குள் வீட்டுக்கு மூத்தவன்தான் முதலில் போக வேண்டும். மூத்தவர் கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். தம் வில்லையை எடுத்து, எல்லாரும் பார்க்க, பலகையில் மாட்டினார். லாரி வர நேரமாகும் என்று மேஸ்திரி ஆட்களைச் சாப்பிடக் கூட்டிப் போனான். கம்ப்ரசர் இயந்திர அறைக்குப் போனான்.

அந்த அறைக்குள் பகல் என்று ஒன்று கிடையாது. மங்கலான விளக்குகளுக்குக் கீழே காலித் தட்டுகள் கூரைவரை அடுக்கடுக்காக நின்றன. விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. அவர் மூச்சு அவருக்கு முன்னால் வெண்புகையாகப் போய், தட்டுகளுக்கு இடையில் யாரோ ஒளிந்து நின்று மூச்சு விடுவதுபோல ஓரங்களில் தங்கியது. கடைசி வரிசைவரை போனார். தம்பி கிடந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பார்த்தாயிற்று. திரும்பினார். தூரத்தில் கதவு வெளிச்சச் சதுரமாகத் தெரிந்தது.

அந்த வெளிச்சத்தில் யாரோ நின்றார்கள்.

முதுகுதான் தெரிந்தது. பலகைக்கு முன்னால். நிமிர்ந்த முதுகு. மூத்தவர் வேகமாக நடந்தார். "யாரது?" என்றார். விசிறிகள் அதை விழுங்கின. அந்த ஆள் வலது கையை உயர்த்தினான். அவசரமே இல்லாமல். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்ந்தன. கொக்கியிலிருந்து மேலே தூக்கின.

விரலில் வெள்ளைத் துணிக்கட்டு இருந்தது.

மூத்தவர் ஓடினார். ஓடிக்கொண்டே தம் கையைப் பார்த்தார். கட்டு இல்லை. காயம் இல்லை. வேறு கை. தம்பி கை. நகங்கள் நீலமாக இருந்தன.

கதவு நகர்ந்தது. வெளிச்சம் குறுகியது. ஒரு கோடு. அதுவும் போனது.

கைப்பிடி. சுவரைத் தடவினார். கிடைத்தது. தள்ளினார். இறுகிக் கிடந்தது.

தட்டினார். "நான் உள்ளே இருக்கேன்."

தட்டினார். "வில்லை இருக்கு. மாட்டினேன். மாட்டிட்டுத்தான் வந்தேன்."

குரல் அவருடையது இல்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் அலுவலகம். நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்காரும் சத்தம். அவர் முட்டிகள் கிழியும்வரை தட்டினார். நிறுத்திக் கேட்டார். அந்தப்பக்கத்தில் ஓர் ஆள், அவருக்கு நன்றாகத் தெரிந்த குரலில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மெஷின் சத்தம்."

இயந்திரம் அளவுக்கு மீறி இழுக்கிறதே, எங்கேயோ கதவு திறந்து கிடக்கிறது போலிருக்கிறதே என்று கம்ப்ரசர் எழுந்து வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சாப்பிடப் போன ஆட்களும் லாரியோடு அப்போதுதான் வந்தார்கள். மூத்தவர் வாசற்படிக்கு ஓர் அடி உள்ளே முழந்தாளிட்டிருந்தார். புருவத்திலும் மீசையிலும் உறைபனி. இரண்டு கைகளும் முகத்துக்கு நேரே தூக்கி மடங்கியிருந்தன. விரல்முட்டிகளில் தோல் இல்லை, எலும்பு தெரிந்தது. அவற்றுக்கு எதிரே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. பலகை காலியாக இருந்தது. மாட்டியதைப் பத்துப்பேர் பார்த்த வில்லை அவர் சட்டைப்பையில் இருந்தது. விரலில் போட்டிருந்த துணிக்கட்டை எங்கும் காணவில்லை.

இளையவள் முக்காலியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நீ இங்கேயேதான இருந்த?" என்றான் மேஸ்திரி. "அவர் தட்டலையா? கூப்பிடலையா?"

"ஏதோ தட்டற மாதிரி இருந்துச்சு" என்றாள் இளையவள். "மெஷின் சத்தம்னு நினைச்சேன்."

எழுந்து, முக்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று போய்விட்டாள்.

மூத்தவர் வில்லையை மாட்ட மறந்துவிட்டார், மறதி அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் இளையவள் பழிக்குப் பழியாகக் கதவைச் சாத்திவிட்டாள் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் கதவைத் தொடவில்லை. யாருமே தொடவில்லை. உச்சிவெயிலில் கம்ப்ரசர் திறந்துவைத்ததிலிருந்து உடலை வெளியே எடுக்கும்வரை அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது.